விவாதம் நடைபெற்றது

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பதினான்கு மாதங்களுக்கு முன்னால் நானே எழுதிய இரண்டு சொற்கள்: விவாதம் நடைபெற்றது.

கிளீவ்லாந்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் புறநகரில், பள்ளி வாரியக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. பதினொரு வருடமாக எழுதுகிறேன். ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் மாதத்துக்கு ஒரு முறை நடுநிலைப் பள்ளி நூலகத்தில் கூடுகிறார்கள். நாற்காலிகள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. தலைவர் ரூடி உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும். அந்தக் கோலத்தில் உட்கார்ந்துதான் இரண்டாயிரம் பிள்ளைகளின் தலையெழுத்தை முடிவு செய்வார்.

என்ன முடிவானது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது குறிப்பில் வரும். யார் என்ன பேசினார் என்பது வராது. அதற்குத்தான் அந்த இரண்டு சொற்கள். ஒரு முறை மதிய உணவுப் பீட்சாவைப் பற்றி இரண்டு உறுப்பினர்கள் நாற்பது நிமிடம் சண்டை போட்டு, ஒருவர் தன் பெயர்ப் பலகையைத் தூக்கி எறிந்தார். நான் எழுதியது: உணவுப் பட்டியல் குறித்து விவாதம் நடைபெற்றது. ஒலிப்பதிவு ஒன்று உண்டு. அடுத்த மாதம் குறிப்புக்கு ஒப்புதல் கிடைத்ததும் அதை அழித்துவிடுவோம். இடமும் மிச்சம், வம்பும் மிச்சம்.

ஆக, விட்டுவிடுவதில் நான் கைதேர்ந்தவள். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "மஞ்சள் நிறப் பேருந்துகள் பனியில் வரிசையாக—"

வேண்டாம். பள்ளிக்கூடக் கதை என்றாலே பேருந்து வந்து நிற்கிறது. எனக்குப் பேருந்துமேல் விரோதம் இல்லை. அதன் டீசல் செலவைப் பற்றி மாதாமாதம் எழுதி எழுதி அலுத்துவிட்டது.

தொடக்கம் இரண்டு: "ஒரு புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் வருவாயில் சொத்து வரியின் பங்கை எடுத்துக்கொண்டால்—"

வாசல் பக்கம் பார்த்தீர்கள். நானும் கவனித்தேன். உட்காருங்கள், இதையும் அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "மார்லீன் கொசிக் சொன்ன சொல் தவறாதவள்."

இது இருக்கட்டும். கதை இங்கிருந்து கிளம்பட்டும்.

3

மார்லீனுக்கு அறுபத்து மூன்று வயது. கணவனோடு சேர்ந்து டயர் கடை நடத்துகிறாள். பதினான்கு வருடமாக வாரிய உறுப்பினர். எங்கள் மாநிலத்தில் பள்ளி வரியை உயர்த்த வேண்டுமானால் ஊர்க்காரர்கள் வாக்குப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். இரண்டு முறை கேட்டோம், இரண்டு முறையும் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது முறை மார்லீன் தானே இறங்கினாள்.

போன வருடம் மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரே ஆள் டெரல் ஸ்டோக்ஸ், அவன் எழுந்தான். தபால்காரன். பெண் நவோமி பிரையர் தெருத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் நான்கு தொடக்கப் பள்ளிகளில் அதுதான் பழையது, அதுதான் சின்னது.

"மார்லீன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காம சொல்லுங்க. வரி ஜெயிச்சா எங்க ஸ்கூலை மூட மாட்டீங்களே?"

"இந்த நாற்காலியில நான் இருக்கிற வரைக்கும் எந்த ஸ்கூலும் மூடாது டெரல். போதுமா?"

"போதும். பலகையெல்லாம் எங்க இருக்கு? என் வண்டியில ஏத்துங்க."

'பள்ளி வரிக்கு ஆதரவு' என்று எழுதிய நூற்று முப்பது பலகைகளை அவன் வீட்டு வாசல்களில் நட்டான். ஒவ்வொரு வாசலிலும் கதவைத் தட்டி மார்லீன் சொன்னதைச் சொன்னான். நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதியது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

[இடையில் ஒரு சந்தேகம். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் மார்லீன் மிகவும் நல்லவளாகத் தெரிகிறாள். நம்ப மாட்டீர்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: தன் வண்டியை இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் குறுக்காக நிறுத்துவாள். கூட்டத்துக்கு நான் சுட்டுவரும் எலுமிச்சைக் கேக்கில் பாதியை அவளே காலி செய்வாள், இனிப்பு தூக்கல் என்று குறையும் சொல்வாள். இப்போது சரியா?]

4

ஒரு வருடம் கழித்து மாநில அரசு உதவித்தொகையைக் குறைத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. பொருளாளர் நீல் ஃபரீனா திரையில் படம் போட்டார். நீல் சோகமான செய்தியையும் வானிலை அறிக்கை போலச் சொல்லக்கூடியவர்.

"பிரையர் தெருவுல கட்டடத்தைச் சூடாக்குற பாய்லர் போயிடுச்சு, கூரை போகப்போகுது. அதைச் சரி பண்ணினா, வாசிப்பு டீச்சர்ஸ் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பணும். ரெண்டுல ஒண்ணுதான்."

"அந்த ஸ்கூல் மார்க்கு எப்படி இருக்கு?" என்று ரூடி கேட்டார்.

"மாநிலம் அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் குடுத்திருக்கு. மூணாம் வகுப்புல பாதிப் பிள்ளைங்களுக்கு வாசிப்பு வரலை."

ஆக, எந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி வேண்டியிருந்ததோ, அதே பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். பள்ளியை மூடி, பிள்ளைகளை மற்ற மூன்று பள்ளிகளுக்கு அனுப்பினால் நான்கு ஆசிரியர்களும் தங்குவார்கள். உறுப்பினர்களில் இரண்டு பேர் மூட வேண்டும் என்றார்கள். நவம்பரில் தேர்தலை எதிர்நோக்கும் இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் மார்லீன்.

ஊரில் பேச்சு கிளம்பியது. மூட மாட்டோம் என்று யார் சொன்னது? மார்லீன் சொன்னதாக டெரல் சொன்னான். டெரல் எனக்குத் தொலைபேசினான்.

"லொரெய்ன், மார்ச் மாச மினிட்ஸைப் பாத்தேன். மார்லீன் சொன்னது அதுல இல்லையே."

"பேசினதெல்லாம் எழுத மாட்டோம் டெரல்."

"டேப்பு?"

"அழிச்சாச்சு. அதான் வழக்கம்."

"நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க. காதால கேட்டீங்கல்ல?"

"மினிட்ஸ்ல இருக்கிறதைத்தான் நான் சொல்ல முடியும்."*



"அப்ப நூத்தி முப்பது வாசல்ல நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்னு ஆகுது. சரி லொரெய்ன். நன்றி."

* என் கையில் குறிப்பெடுக்கும் நோட்டு இருந்தது. மார்லீன் சொன்னது அதில் வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. இதை அடிக்குறிப்பில் போட்டது நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்ற நப்பாசையில்தான்.

5

கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் மார்லீன் கூப்பிட்டாள். "கடைக்கு வா. உன் பழைய நோட்டையும் எடுத்துக்கிட்டு வா."

கடைக்குள் நுழைந்ததும் டயர் வாசனை—

(வாசனை வேண்டாம். டயர் கடையில் என்ன வாசனை வரும் என்று உங்களுக்குத் தெரியாதா.)

எதற்கு அழைத்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நானே முந்திக்கொண்டேன்.

"இது ஒண்ணும் ஆபீஸ் ஆவணம் இல்லை மார்லீன். காணாமப் போனாக்கூடக் கேக்க ஆள் இல்லை."

கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"உதவியா இருக்கட்டுமேன்னு..."

"உதவி வேண்டாம். நான் சொன்னதைப் படி."

படித்தேன்.

"'போதுமா'ன்னு வேற கேட்டேனா?"

"கேட்டிருக்கே."

"திமிரைப் பாரு." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நாளைக்கு மூடணும்னுதான் ஓட்டுப் போடப்போறேன். மூணு வாரமா நீலோட கணக்கை எப்படியாவது உடைச்சிடலாம்னு பாத்தேன். முடியலை. டீச்சரை அனுப்பிட்டுக் கட்டடத்தை வச்சுக்கிட்டா, அந்தப் பிள்ளைங்க அஞ்சாம் வகுப்புலயும் விரல் வச்சுத்தான் எழுத்துக்கூட்டும்."

"அப்ப நோட்டு எதுக்கு?"

"டெரலைப் புளுகன்னு ஊரே பேசுது லொரெய்ன். நேத்து என் கடையிலயே ஒருத்தன் பேசினான். சொன்னது நான். நான் சொல்லலைன்னு ஆகக் கூடாது."

அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படிப் பேச நான் அன்று டெரல் தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

6

மறுநாள் மாலை ஏழு மணி. நூலகத்தில் உட்கார இடமில்லை. டெரல் தபால் சீருடையோடு மூன்றாவது வரிசையில் இருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. நிற்பவர்கள்கூட அங்கே போய் உட்காரவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் மார்லீன் ஒலிவாங்கியை இழுத்தாள்.

"போன வருஷ மார்ச் மினிட்ஸைத் திருத்தணும்னு முன்மொழியறேன். வரி ஜெயிச்சா எந்த ஸ்கூலும் மூடாதுன்னு டெரல் ஸ்டோக்ஸுக்கு நான் வாக்குக் குடுத்தேன். அது நான் சொன்ன வார்த்தையிலேயே ஏறணும்."

வாரிய வழக்கறிஞர் ரூடியின் காதில் ஏதோ சொன்னார். ரூடி கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"வழிமொழியறவங்க இருக்காங்களா?"

இங்கே விதி இதுதான்: முன்மொழிந்ததை இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே சாகும். எங்கள் மாவட்ட வழக்கப்படி, அப்படிச் செத்தது குறிப்பிலும் ஏறாது.

ரூடியும் அவர் பக்கத்து ஆளும் மூட வேண்டும் என்பவர்கள். வாக்குறுதி பதிவானால் வரியையே ஏமாற்றி வாங்கினோம் என்று பேச்சு வரும். மற்ற இருவர் மூடக் கூடாது என்பவர்கள், இதை வெல்லம் போல் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் மார்லீன் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஊர் டெரலைப் புளுகன் என்றபோது வாயைத் திறக்காதவர்கள் அவர்களும்தான். நவம்பர் வேறு வருகிறது.

ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் பேனா மூடியைத் தேடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது விநாடி.

"வழிமொழிய யாருமில்லை. அடுத்தது வாக்கெடுப்பு," என்றார் ரூடி.

7

இதன் பிறகு நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் மார்லீன் கடைசி நொடியில் மனம் மாறி "கூடாது" என்கிறாள். ஊரே எழுந்து கைதட்டுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் படித்தபோது நான்கு ஆசிரியர்களும் தங்கள் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் பள்ளியைக் காப்பாற்ற ஒரு பணக்காரர் வருகிறார். எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. இருந்தவர்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டார்கள், அங்கே எல்லாப் பள்ளிக்கும் ஐந்து ஸ்டார்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. ரூடிக்குத் தமாஷ் செய்ய நேரம் காலம் கிடையாது.

"எந்திரிச்சு நின்னு ஓட்டுப் போடு மார்லீன். நாற்காலியில இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னே, வாக்கும் தப்பாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"உக்காந்தே போடறேன்," என்றாள். "மூடலாம்."

கூட்டம் கலைந்ததும் டெரல் அவளிடம் வந்தான்.

"சொன்னதை ஒத்துக்கிட்டீங்க. ஸ்கூலையும் மூடிட்டீங்க. எதுக்குக் கோவப்படறதுன்னே தெரியலை."

"ரெண்டுக்கும் படு."

"நவோமிக்கு இன்னும் படிக்க வரலை மார்லீன்."

"தெரியும். அதனாலதான் போட்டேன்."

அவன் கை கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. வெளியே, அவள் குறுக்காக நிறுத்தியிருந்த வண்டி வழியை மறைத்திருந்தது. நகர்த்தச் சொல்லி ஒரு தடவை ஒலி எழுப்பினான், அவ்வளவுதான்.

8

அந்தக் கூட்டத்துக்கான என் குறிப்பு தயாராக இருக்கிறது. பிரையர் தெருப் பள்ளி மூடப்படுகிறது, ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. மார்லீனின் திருத்தம் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. நாளைக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஒலிப்பதிவையும் நானே அழிக்க வேண்டும். அதன் பிறகு, அன்று நூலகத்தில் இல்லாதவர்களுக்கெல்லாம் டெரல் புளுகன்தான். அவன் கொண்டுவரும் தபாலைக் கையில் வாங்காமல் பெட்டியில் போடச் சொல்லும் வீடுகள் இப்போதே மூன்று இருக்கின்றன.

கதையில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே, ஒருவரை வழிமொழிய வைத்துவிடலாமே என்பீர்கள். முயன்றேன். அந்த நால்வரில் யார் வாயில் வைத்தாலும் அந்தச் சொல் பொய்யாக ஒலிக்கிறது. நானே எழுந்து சொல்வதாகவும் எழுதினேன். அது மகா பொய், டெரல் கேட்டபோது எனக்கு வாய் இருந்தது.

ஆகவே கதையை அந்த ஒன்பது விநாடிக்குள்ளேயே நிறுத்திவைத்திருக்கிறேன். மார்லீன் கேட்டது தன் பெயரைக் காப்பாற்றுவதற்காக இல்லை, பதிவானால் அவள் பெயர்தான் கெடும். வாக்கை மீறியவளுக்காக ஏன் பேச வேண்டும் என்று தோன்றினால் நீங்களும் தண்ணீர் குடிக்கலாம், பேனா மூடியைத் தேடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், குறிப்பிலும் வராது.

டெரல் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ரூடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீங்கள் நிற்கும் பக்கமாகப் பார்த்து மறுபடியும் கேட்கிறார்.

"வழிமொழியறவங்க இருக்காங்களா?"