கருப்புச் சட்டைக்காரர் நெற்றியில் திருநீறு

“பக்கத்து வூட்டு ஷாகிராவுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடுத்தா உன் கை இன்னா தேஞ்சா—”

“மாட்டேன்னா மாட்டேன்! இன்னைக்கு நான் ஒருத்தருக்கும் ஒரு நல்லதும்—”

“மாசமா கீற பொண்ணுய்யா அது!”

“நீ தூக்கிக் குடுமே! உன் நெத்தியிலயா மொளைக்குது?”

முனியம்மாள் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அவள் புருஷன் அங்கமுத்து கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

ஆழ்வார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த அங்கமுத்து, சாமி இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர். அவர் யாருக்காவது நல்லது செய்தால் அவருடைய நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு அரும்பும். நாற்பத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் ஒரு குடும்பத்தைத் தோளில் சுமந்து கரையேற்றிய அன்று முதலில் வந்தது. துடைத்தால் மறுபடி ஊறும். மறுநாள் விடிந்தால்தான் அடங்கும். கபாலி கோயில் பக்கத்திலிருந்து ஒரு குருக்கள் வந்து முகர்ந்து பார்த்து, அசல் சரக்குதான் என்று சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு போனார். பக்கத்துக் கடை கரீமுல்லா பாய், “எனக்கு பஞ்சர் ஒட்டிக் குடுத்ததுக்கும் பட்டைதானா நைனா? ஒரு பிறை வந்தா இன்னா?” என்றார். முனியம்மாள் அதைத் தகர டப்பாவில் வழித்துவைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்குப் பூசினாள். குணமானவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. அங்கமுத்துவுக்குத்தான் பொறுக்கவில்லை. பாடுபடுவது தான், பேரைத் தட்டிக்கொண்டு போவது வேறொருவனா என்று புழுங்கினார். நல்லது செய்வதை நிறுத்தியும் பார்த்தார். சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் கூட்டத்துப் பையன் தனபாலனுக்குக் கல்யாணம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை; மாலை எடுத்துக் கொடுக்க அங்கமுத்து. அவர் பேச்சைக் கேட்டுக் கருப்புச் சட்டை போட்ட பையன்கள் எல்லாரும் வருவார்கள். பட்டையோடு போய் நின்றால் இத்தனை வருஷம் பேசியது அத்தனையும் கேலியாகிவிடும்.

மந்தைவெளி தாண்டும்போது, சாந்தோம் குப்பத்து மீன்காரி அந்தோணியம்மாள் வெயிலில் சுருண்டு கிடந்தாள். கூடை கவிழ்ந்து, காக்கைகள் இறங்கியிருந்தன. அங்கமுத்து பார்க்காதவர்போல சைக்கிளை மிதித்தார். தெருமுனை வரை போனார். அங்கே தம்மையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு திரும்பிவந்தார். கிழவியைக் கேரியரில் உட்காரவைத்து, துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் தங்கிவிட்டது.

பந்தலுக்குள் அவர் நுழைந்தபோது திருநீறு புருவத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் சிரிப்பு புறப்பட்டது. யாரோ “அரோகரா!” என்றார்கள். அங்கமுத்து மேடையேறி மாலைகளைக் கையில் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை முகம் சிவந்து, அவர் காதோரம் குனிந்தான்.

“இன்னைக்கு ஒரு நாள் யாருக்கும் நல்லது செய்யாம வந்திருக்கக் கூடாதாண்ணே?”

“கெழவி வெயில்ல கெடந்தா, தம்பி. நீ தாண்டி வந்திருப்பியா?”