கட்டிலுக்கு வெளியே ஒரு கால்

பழைய கறுப்புவெள்ளைப் படங்களில் வந்த பூதங்களும், வழுக்கி விழும் சிரிப்பு நடிகர்களும் வருடம் ஒருமுறை, மார்ச் மாதத்தில், பொள்ளாச்சி அலுவலகத்துக்கு நேரில் வந்து சான்று புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பூதம் என்றால் அந்த வருடத்துக்குள் ஒரு ஆளையாவது பயமுறுத்தியிருக்க வேண்டும். சிரிப்பு நடிகர் என்றால் ஒரு ஆளையாவது சிரிக்க வைத்திருக்க வேண்டும். பயந்தவரோ சிரித்தவரோ ரேஷன் கார்டு நகலோடு வந்து கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. திங்களும் புதனும் பூதங்களுக்கு. செவ்வாயும் வியாழனும் சிரிப்பு நடிகர்களுக்கு. கடைசி நாளில் மட்டும் யார் வேண்டுமானாலும் வரலாம்.

மூன்று வருடம் தொடர்ந்து சான்று கிடைக்காதவர்களை யாரும் அம்போவென்று விட்டுவிடுவதில்லை. பூதங்களைச் சிறுவர் பூங்காவில் குப்பைத்தொட்டியாக நியமிப்பார்கள். வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மூன்று ஊர்களை விழுங்கிய ஓநாய் மனிதர் இப்போது சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நின்று ஐஸ்கிரீம் குச்சிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு நடிகர்கள் 'தரை ஈரமாக உள்ளது, கவனம்' என்ற மஞ்சள் பலகைக்குப் போவார்கள். அந்தப் பலகையில் ஒரு ஆள் காலைத் தூக்கிக்கொண்டு வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அப்படியே நிற்க வேண்டும். முழுதாக விழவும் முடியாது.

இந்தச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஆய்வாளர் தெய்வசிகாமணி. ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. அந்தப் பதவிக்கு ஒரே ஒரு தகுதிதான் முக்கியம்: ஆய்வாளருக்கு எதைக் கண்டும் பயம் இருக்கக் கூடாது. இருந்தால் வருகிற பூதத்துக்கெல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் கரப்பான்பூச்சி, மேலதிகாரி, மனைவி, இருட்டு, இன்ன பிற எதற்கும் தான் அஞ்சுவதில்லை என்று அவர் உறுதிமொழி எழுதிக் கொடுப்பார். இருபத்தாறு முறையும் அது பொய்.

அவருக்குக் கோரனைக் கண்டால் பயம்.

கோரன் ஏழே முக்கால் அடி உயரம். உடம்பெல்லாம் ரப்பர் செதில், கண் இரண்டும் கண்ணாடி, நடந்தால் வால் அரை நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். முதுகில் கழுத்திலிருந்து வால் வரை ஒரு ஜிப் உண்டு. உள்ளே ஆள் யாரும் கிடையாது. ஒருமுறை திறந்து பார்த்துக் கோப்பில் குறித்திருக்கிறார்கள். அவருடைய படத்தின் பெயர் 'கடல் கக்கிய கோரன்'. அட்டையில் செய்த ஒரு துறைமுகத்துக்குள் அவர் நடந்து வருவார். அவர் தொடுவதற்கு முன்பே கட்டடங்கள் நடுங்க ஆரம்பித்துவிடும். கட்டம் போட்ட சேலை கட்டிய ஒரு அம்மாள் இடமிருந்து வலமாக அலறிக்கொண்டு ஓடுவார். கொஞ்ச நேரத்தில் அதே அம்மாள் வலமிருந்து இடமாக ஓடுவார். எங்கே போய்விட்டு வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு அருமையான படம் அது. அதைப் பார்த்துக் குறை சொல்லும் ஆளோடு சிநேகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

தெய்வசிகாமணி ஏழு வயதில் சித்தப்பாவோடு கொட்டகையில் அதைப் பார்த்தார். அதில் ஒரு காட்சி. ஒருவன் கட்டிலில் மல்லாந்து தூங்குகிறான். இடது கால் மட்டும் வெளியே தொங்குகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து கோரனின் கை மெல்ல நீண்டு வந்து கணுக்காலைப் பிடிக்கிறது. அன்றைக்கு மடக்கிய காலை தெய்வசிகாமணி இன்றுவரை நீட்டவில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி பூங்கோதை காரணம் கேட்டாள். குளிர் என்றார். அது சித்திரை மாதம். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் படத்தின் மிச்சமிருக்கும் ஒரே பிரதி அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் தினமும் மதியம் இரண்டரைக்கு ஓடுகிறது. கோரன் இரண்டு இருபதுக்குத் திரைக்குள் போவார், ஐந்துக்கு வெளியே வருவார். கடைசி நாளன்று மட்டும் சான்றுக்காகக் காட்சி ரத்து. பிரதி நைந்துபோனதில் கட்டிலில் தூங்கிய ஆள் பதினோரு வருடத்துக்கு முன்பே முழுக்க அழிந்துவிட்டான். கட்டில் மட்டும் இருக்கிறது. கோரன் தினமும் அடியிலிருந்து கையை நீட்டி, வெறும் காற்றைப் பிடித்துவிட்டு, மரியாதையாக விட்டுவிடுவார். ஜனங்கள் அந்த இடத்தில்தான் அதிகம் சிரித்தார்கள்.

வெளியிலும் அவர் முயற்சி செய்யாமல் இல்லை. சான்று கிடைக்காத முதல் வருடம் பஸ் ஸ்டாண்டில் நின்று உறுமினார். ஒரு பெண் கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பையை மேலே ஏற்றினாள். இரண்டாவது வருடம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை ஜிப்பை இழுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வருடம் கல்லூரிப் பெண்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அதையும் கோரனே நேரில் வந்து சொன்னார். எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

"அங்கிள்னு கூப்பிட்டாங்க சார்," என்றார்.

தெய்வசிகாமணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். மேசைக்கு அடியில் அவருடைய இரண்டு கால்களும் நாற்காலிக் கம்பியில் ஏறியிருந்தன.

அதே வருடம் வரதப்பனுக்கும் மூன்றாவது வருடம். வரதப்பன் ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாக வந்து வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் நடிகர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தோல் வைத்திருப்பார். விழுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு காலும் காதுக்கு மேலே போகும், தொப்பி தனியாகச் சுழன்று வந்து வயிற்றில் உட்காரும். ஆனால் இப்போது அவர் விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. பதறிப்போய் ஓடி வருகிறார்கள். சோடா கொடுக்கிறார்கள், ஆட்டோ பிடிக்கிறார்கள், இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். காரணம் வரதப்பனுக்குத் தெரியும். படத்தில் அவரைத் தூக்கிவிட இன்னொருவன் வருவான், அவனும் விழுவான். சிரிப்பு அந்த இரண்டாவது விழுகையில்தான் இருந்தது. அவன் இருந்த ரீல் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மூன்று வருடமாக வரதப்பன் தனியாக விழுந்துகொண்டிருக்கிறார்.

துணை இயக்குநர் எஸ்தர் ராஜகுமாரி காரியத்தில் கெட்டி. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூதத்தைப் பார்த்தால் சிரிக்கிறார்கள், சிரிப்பு நடிகரைப் பார்த்தால் பதறுகிறார்கள். ஆளை மாற்றிப் போட்டால் ஒரே கையெழுத்தில் இரண்டும் முடிந்தது என்று இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். வரதப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஜனங்கள் பதறுகிற மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே தன்னால் விழ முடியாது என்றார். கோரனும் மறுத்தார்.

"சிரிக்கட்டும் மேடம், அது அவங்க இஷ்டம். ஆனா நான் கடல்ல இருந்து வந்தது அதுக்கில்லீங்க."

மார்ச் முப்பத்தொன்று மாலை நாலு மணிக்குக் கூடத்தில் சான்றுக்குக் காத்திருந்தவர்களில் கோரனும் வரதப்பனும்தான் மிச்சம். இருவருக்கும் சாட்சி இல்லை. அலுவலக உதவியாளர் பழனாத்தாள் டீத் தட்டோடு வந்தாள். வரதப்பன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோலைக் கீழே போட்டு, கூரையைப் பார்த்து விசிலடித்தபடி நடந்து, விழுந்தார். அவர் வாழ்க்கையிலேயே அப்படி விழுந்ததில்லை. பழனாத்தாள் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். எஸ்தர் மேடம் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். வரதப்பன் தரையில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கோரன் பெஞ்சிலிருந்து எழுந்தார். அலுவலகத்தில் நடப்பதெல்லாம் கோப்பில் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்தார். நாலு எட்டு வைத்து வந்து, வரதப்பனைத் தூக்கக் கை கொடுத்து, தோலை நன்றாகப் பார்த்து அதன் மேல் காலை வைத்தார்.

ஏழே முக்கால் அடி ரப்பர் விழுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விழுந்த பிறகு வால் வந்து சேர்ந்தது. அது பாதி எழுந்திருந்த வரதப்பனை மறுபடி கிடத்தியது. வரதப்பன் கோரனைத் தூக்கினார், இருவரும் விழுந்தார்கள். கோரன் வரதப்பனைத் தூக்கினார், இருவரும் கோப்பு அலமாரியும் விழுந்தார்கள். மேலிருந்து ரப்பர் முத்திரை ஒன்று உருண்டு வந்து வரதப்பன் நெற்றியில் 'பெறப்பட்டது' என்று பதிந்தது. கோரனின் ஜிப் திறந்துகொண்டு உள்ளிருந்து கடல் மணல் கொட்டியது. அதிலும் வரதப்பன் வழுக்கினார்.

பழனாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு அதுவும் பற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். ரேஷன் கார்டு நகல் அவள் சுருக்குப்பையிலேயே இருந்தது. நாலரைக்கு வரதப்பன் சான்று வாங்கிவிட்டார். வாங்கியவர் போகவில்லை, கோரன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எஸ்தர் மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். 'மாலை 4.20: கண்டவர் சிரித்தார்' என்று கோரனின் கோப்பில் எழுதி, பூங்கா உத்தரவை எடுத்து வைத்தார். தொட்டிக்கு வாய் அளவு வேண்டும் என்று டேப்பை தெய்வசிகாமணியிடம் நீட்டினார். கோரன் கேட்காமலே வாயைத் திறந்தார்.

தெய்வசிகாமணி டேப்பைப் பிடித்தார். ஐம்பது வருடமாக அவர் கனவில் மட்டுமே இவ்வளவு கிட்டத்தில் பார்த்த வாய். பற்கள் மரத்தில் செதுக்கியவை, ஒன்றில் தச்சனின் பென்சில் கோடு இன்னும் இருந்தது. பதினொன்றரை அங்குலம். நாளை முதல் இதில் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கசக்கிப் போடுவார்கள். டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். அளவை அவர் சொல்லவில்லை.

"மேடம், எனக்கு இவரக் கண்டா பயமுங்க," என்றார்.

எஸ்தர் மேடம் பேனாவை வைத்தார். "எப்ப இருந்து?"

"ஏழு வயசுல இருந்துங்க."

பழைய பயம் செல்லாது, நடப்பு ஆண்டில் இருக்க வேண்டும் என்று மேடம் நினைவூட்டினார். நேற்றும் காலை மடக்கித்தான் படுத்ததாக அவர் சொன்னார். எந்தக் கால் என்று மேடம் கேட்டார். இரண்டும்தான், இடது கொஞ்சம் அதிகம் என்றார். ஆதாரம் கேட்டதும் வீட்டுக்குப் போன் போயிற்று.

பூங்கோதை இருபது நிமிடத்தில் ரேஷன் கார்டும் ஒரு பழைய ஜமுக்காளமுமாக வந்தாள். அதை மேசைமேல் விரித்தாள். முப்பத்தொரு வருடமாக விரித்துப் படுத்த ஜமுக்காளம், நடுவெல்லாம் வெளுத்து நூல் தெரிந்தது. கால்மாட்டில் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போலச் சிவப்பும் நீலமும் பளிச்சென்று இருந்தன. கோரன் வாயை அளந்த அதே டேப்பால் மேடம் அதை அளந்தார். ஒன்றரை அடி.

"குளிருன்னு சொன்னாருங்க. நானும் சரின்னுட்டேன்," என்றாள் பூங்கோதை.

கோரன் வாயை மூடினார். தெய்வசிகாமணியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நெசமாவா சார்?"

"நெசந்தானுங்க."

இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஜிப் வழியாகக் கொஞ்சம் மணல் கொட்டியது. வரதப்பன் எட்டி ஜிப்பை மேலே இழுத்துவிட்டார்.

ஐந்தே காலுக்குக் கோரனுக்குச் சான்று வழங்கப்பட்டது. ஐந்தரைக்கு தெய்வசிகாமணிக்கு வேலை போயிற்று. பயமுள்ளவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. பழனாத்தாளுக்கு எதைக் கண்டும் பயமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், அவளை ஆய்வாளர் ஆக்கினார்கள். தெய்வசிகாமணிக்கு வேறு காலியிடம் பார்த்து உத்தரவு தயாரானது. காலியிடம் ஒன்றுதான் இருந்தது: 'கடல் கக்கிய கோரன்', எட்டாவது ரீல், கட்டில்.

மறுநாள் இரண்டு இருபதுக்கு அவர் கோரனோடு திரைக்குள் போனார். உள்ளே போனதும் சட்டையின் நீலம் போயிற்று, நெற்றிக் குங்குமம் கறுப்பானது. கட்டம் போட்ட சேலை அம்மாள் ஓடுகிற ஓட்டத்தில் நின்று, புதிதா என்று விசாரித்துவிட்டுப் போனார். எட்டாவது ரீலில் அவர் கட்டிலில் படுத்தார். கால்கள் பழக்கத்தில் மடங்கிக்கொண்டன. இடது கால் வெளியே தொங்க வேண்டும் என்று உத்தரவில் தெளிவாக இருந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து கோரன் தணிந்த குரலில் பேசினார். "நீங்க எப்ப முடியுதோ அப்பப் பண்ணுங்க சார். அவசரமில்ல."

ரீல் நாலு நிமிடம் காத்திருந்தது. கொட்டகையில் யாரும் விசிலடிக்கவில்லை. தெய்வசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது காலை நீட்டினார். ஐம்பது வருடம் கழித்து அந்தக் கால் கட்டிலுக்கு வெளியே வந்தது. கீழே, ரப்பர் கைகளை ஒன்றோடொன்று பரபரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. கை சில்லென்று இருக்கக் கூடாது என்று கோரன் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பிடித்தார்.

தெய்வசிகாமணி ஏழு வயதில் கத்தியிருக்க வேண்டியதை இப்போது கத்தினார். முன் பெஞ்சில் பூங்கோதை இரண்டு கால்களையும் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டாள். அவள் வரிசை முழுக்கத் தூக்கிக்கொண்டது. ஆய்வாளர் பழனாத்தாள் படிவங்களோடு நடுவில் நடந்து ரேஷன் கார்டு நகல் கேட்டாள்.

இடைவேளையில் பூங்கோதை மேடையேறி டிபன் கேரியரைத் திரைக்குள் நீட்டினாள். அந்தப் பக்கம் போனதும் எலுமிச்சைச் சாதம் சாம்பல் நிறமாகிவிட்டது. தெய்வசிகாமணி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றார். நாளையிலிருந்து கோரனுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.