இறங்கு

அப்பாவின் கழுத்துத் துளையிலிருந்து குழாயை உருவி அவள் வெந்நீரில் போட்டபோது, கீழ் வீட்டில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள்.

முதலில் அதிர்வு வந்து ஜன்னல் கம்பியில் ஏறியது. பிறகு அப்பாவின் குரல். குரல்வளையை வெட்டியெடுத்துப் பல மாதமாகக் கட்டிலில் சாய்ந்து கிடந்த மனிதர் கீழ் வீட்டிலிருந்து முழுத் தொண்டையில் கத்தினார்.

"இறங்கு! என் வண்டியில ஏற உனக்கு என்ன தகுதி? இறங்கு!"

ஒவ்வொரு 'இறங்கு'வின் வாலிலும் ஒரு கொட்டு விழுந்தது. 'என்ன'வுக்கும் 'தகுதி'க்கும் நடுவிலும் ஒன்று. டம்.

அப்பா கண்ணைத் திறந்தார். பாட்டோடு சேர்ந்து உதடு அசைந்தது. கொட்டு விழும் இடம் வந்ததும் அவர் நாக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தட்டிவிட்டு இறங்கியது. கண் அவள் மேலேயே இருந்தது. அவள் குழாயைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளச்சை விடக் கற்றுக்கொண்டார்கள். பயிற்சி வண்டியில் வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதிப்பதே இல்லை, வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவார் என்று கேலி பேசி, 'பிரேக் வாத்தியார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே வாய்தான். அம்மா ஒரு காதில் வாங்கி மறு காதில் விடப் பழகியிருந்தாள். அந்த வாய்க்குத் தப்பியவன் தம்பி ஒருவன்தான். கடைக்குட்டி, ஆண்பிள்ளை, அப்பாவின் செல்லம். இன்றைக்கு இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

தம்பி ராப் பாடகனானதும் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மூணாம் கியர். அவனுடைய முதல் ஆல்பத்தில் நாலாவது பாட்டு 'இறங்கு'. அவனோடு சேர்ந்து பாடி, தாளமும் போட்டவன் அவன் கூட்டாளி. டமாரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்குக் கீழே மூன்று பெயர் போட்டிருந்தார்கள்: மூணாம் கியர், டமாரம், அப்பா. தகப்பனிடம் சிறுமைப்பட்ட பிள்ளையின் கதையைத் தம்பி பாதி சொல்லுவான். தன் தகப்பனைப் பற்றி டமாரம் மீதி சொல்லுவான். நடுநடுவே அப்பா வந்து விரட்டுவார். பெற்றவன் வாயால் வெந்துபோன பிள்ளைகள் இத்தனை பேரா என்று அந்தப் பாட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் ஓடியது, சலூனில் ஓடியது. 'இறங்கு' என்று நெஞ்சில் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு பையன்கள் திரிந்தார்கள்.

அவள் அதை முதலில் கேட்டது, தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில். பவர் பார்க்க வந்த ஒரு பெரியவரின் மூக்கில் சட்டத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேரனின் கைபேசியிலிருந்து அப்பா கத்தினார். அவள் கை நழுவிச் சட்டம் பெரியவரின் கன்னத்தில் கீறிவிட்டது.

ஏனென்றால் அந்த 'இறங்கு' தம்பிக்குச் சொன்னது இல்லை.

புருஷன் வீடு வேண்டாம் என்று அவள் ஒற்றைப் பையோடு திரும்பி வந்த நாள் அது. பஸ் நிலையத்துக்கு அப்பா பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பின்சீட்டில் தம்பி, புதுக் கைபேசியில் எதையோ பதிவு செய்து பழகிக்கொண்டிருந்தான். மேம்பாலம் ஏறும்வரை அப்பா பேசவில்லை. பாலத்தின் நடுவில் ஓரம் கட்டினார். "இறங்குடி" என்றார். "என் வண்டியில ஏற உனக்கு என்னடி தகுதி? இறங்குடி." அவள் இறங்கினாள். வண்டி போய்விட்டது. பின்கண்ணாடியில் தம்பியின் பிடரி மட்டும் தெரிந்தது. நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது, தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்திருந்தது. ஏன் நடந்து வந்தாய் என்று அம்மாகூடக் கேட்கவில்லை.

'நீ' என்ற சொல்லுக்கு ஆண், பெண் கிடையாது. இடைஞ்சலாக இருந்தது அந்த 'டி' ஒன்றுதான். அதைக் கத்தரித்துவிட்டு, அந்த ஓட்டைகளில் ஆளுக்கொரு கொட்டு வைத்து அடைத்திருந்தார்கள். பாட்டுக்கு உயிரே அந்தக் கொட்டுதான் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

அவள் தம்பிக்குப் போன் செய்து கேட்டாள். நம்ம வீட்டுக்குள் நடந்ததுதானே அக்கா, யாருக்குச் சொன்னால் என்ன என்று சிரித்தான். அப்பாவுக்காவது கோபம் வரும் என்று காத்திருந்தாள். அவருக்கோ தலைகால் புரியவில்லை. வண்டி பழக வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி, இது யார் தெரியுமா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தொண்டையில் கட்டி வந்தது. அறுவைக்கு முந்தின நாள், சொல்ல வேண்டியதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மாவும் அவளும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாக அந்த வீடு அவர் குரலில் கேட்டது, "ஃபேனைக் குறை."

அதன் பிறகு அவருக்கு எல்லாம் அவள்தான். சளியை உறிஞ்சி எடுப்பது, குழாய் கழுவுவது, துளையைச் சுற்றிப் புண்ணாகாமல் துடைப்பது. பாட்டு எங்கே கேட்டாலும் அவர் உதடு அசையும். கொட்டு வரும் இடத்தில் நாக்கு தட்டும். அங்கே என்ன இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை. அது குத்திக்காட்டலா, ஒப்புக்கொள்ளலா என்று அவளுக்குக் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

குழாயைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினாள். நாடாவைப் பிடரியில் முடிந்தாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தபோது கீழே வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் உள்ளங்கையைக் குழாயின் வாயருகே வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்த அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரி ஓடி வந்து, அப்பாவின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். அந்த மூக்கில் மூச்சு நின்று எத்தனையோ மாதமாகியிருந்தது.

தம்பி வருவதற்கு முன்பே சேதி பரவிவிட்டது. பாட்டில் வருகிற அப்பா செத்துப்போனார் என்று தெரிந்து, தெரு முனையில் பனியன் பையன்களும் பெண்களும் கூடத் தொடங்கினார்கள். அவன் டமாரத்தோடு வந்து இறங்கியபோது வழி விட்டு, கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். படியேறும் வழியெல்லாம் யாராவது அவன் தோளைத் தொட்டார்கள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. கழுத்தை மறைத்து அவள் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். தம்பி காலடியில் உட்கார்ந்ததும் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை எப்ப அப்படிச் சொன்னாருன்னுகூட எனக்குத் தெரியாமப் போச்சேப்பா. மனசுல வச்சுக்காத. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மனுஷன் நிம்மதியாப் போகட்டும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சமையலறை வாசலில், அப்பாவின் முகத்தைத் துடைத்த தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். அவன் தலை நிமிர்ந்தபோது அவளைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"மன்னிச்சுட்டேம்மா" என்றான்.

எதிர் வீட்டுக்காரி விம்மினாள். அழாதவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். ஊரார் வீட்டு நெய்யை எடுத்து இலை நிறைய வார்த்துவிட்டான் பிள்ளை. பெருந்தன்மை என்றால் இதுவல்லவா என்று ஒருவர் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி டீ கேட்டுச் சமையலறைக்கு வந்தான். டமாரமும் பின்னால் வந்தான். அவள் இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

"எனக்காக நீ மன்னிச்சிருக்க" என்றாள்.

"அக்கா, இப்ப வேணாமே."

"அந்த 'டி' எங்கடா இருக்கு?"

தம்பி ஒரு டம்ளரைக் கையில் எடுத்தான். டமாரம் இருவரையும் பார்த்தான். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பையனாக இருந்தும் தன்னைப் பெண்ணைப் போல 'டி' போட்டு அவமானப்படுத்துவார் என்றுதான் தம்பி அவனிடம் சொல்லியிருந்தானாம். கேட்கவே கூசுகிறது, வெட்டிவிடு என்றானாம். டமாரம் இதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு டம்ளரை மேடையில் வைத்தான்.

"உங்களுக்கா சொன்னாரு?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

தம்பி டீயை ஊதினான். கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பதுபோலப் பேசினான்.

"நீ அதை வச்சு என்னக்கா பண்ணியிருப்ப? உள்ளுக்குள்ளயே போட்டுப் பூட்டியிருப்ப. நான் எடுத்து நாலு பேருக்கு ஆகுற மாதிரி பண்ணேன். சர்க்கரை பத்தல."

அவள் சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள். அவன் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினான். டமாரம் டீ குடிக்காமல் வெளியே போய்விட்டான்.

லிஃப்ட் சின்னது. அப்பா படுத்தபடி அதில் போக முடியாது. படி வழியாகத்தான் தூக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் தம்பியும் சித்தப்பாவும், பின்பக்கம் டமாரமும் எதிர் வீட்டுக்காரரும் பிடித்தார்கள். படி திரும்பும் இடம் குறுகல். தலைப்பக்கத்தைத் தூக்கி, கால்பக்கத்தைத் தாழ்த்தி, சுவரில் இடிக்காமல் திருப்பினார்கள்.

அப்போதுதான் கீழே யாரோ ஆரம்பித்தார்கள். ஒரு பையனின் குரல்தான், அதுவும் மெதுவாக. மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருப்பான்.

"இறங்கு."

பத்துப் பேர் கை தட்டினார்கள்.

"என் வண்டியில ஏற உனக்கு என்ன..." தட்டினார்கள். "தகுதி?"

பிறகு தெருவே பிடித்துக்கொண்டது. படிக்கூண்டு நிறைய அந்த வார்த்தை சுழன்று மேலே வந்தது. இறங்கு என்றார்கள், அப்பா ஒரு படி இறங்கினார். கை தட்டினார்கள், இன்னொரு படி. கனம் தாங்காமல் தூக்கியவர்களின் கால் தானாகவே அந்தத் தாளத்துக்குப் போய்விட்டது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லுடா என்றார். தம்பி கேட்காதவன்போல இறங்கினான். அவன் தாடை தாளத்துக்கு லேசாக ஆடியதை அவள் மேல்படியிலிருந்து பார்த்தாள். டமாரத்தின் முகம் வெளிறியிருந்தது. அவன் மட்டும் தாளத்தைத் தப்பவிட்டு இறங்கினான், ஒவ்வொரு கைதட்டலுக்கும் தோள் ஒடுங்கியது.

அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"அப்பாவோட பாட்டும்மா."

"எவ்வளவு பேரு பாரேன்" என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவே அந்த முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூட்டம் வண்டிக்குப் பின்னால் நகர்ந்தது. பாட்டு தேய்ந்து, திருப்பத்தில் காணாமல் போனது. எதிர் வீட்டுக்காரி அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள்.

அவள் கதவைச் சாத்த வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரி வயது. நெஞ்சில் 'இறங்கு'. அழுது கண் வீங்கியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க மேலே வந்தவள், கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டாள்.

"நீங்க அவரோட அக்காவா?"

"ஆமா."

"எங்கப்பாவும் என்னைய இப்படித்தான் விரட்டினாரு. அந்தப் பாட்டு வரலன்னா நான் இருந்திருக்க மாட்டேன்க்கா." மணிக்கட்டைத் தானறியாமல் மறு கையால் மூடிக்கொண்டாள். "உங்க தம்பி எவ்வளவு தாங்கியிருக்காரு, இல்ல?"

அவள் அந்த மணிக்கட்டையே பார்த்தாள்.

"உங்கள அப்பா திட்டினதே இல்லையாக்கா?"

வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள்.

"என்ன கலர்?" என்று கேட்டாள்.

"நீலம். வார் மட்டும் வெள்ளை."

செருப்பு அலமாரிக்கு அடியில், சுவரை ஒட்டிக் கிடந்தது. கையை நீட்டி இழுத்தாள். தூசியைத் தட்டி, பிரிந்திருந்த வாரைத் துளையில் அழுத்திப் பொருத்தி, அந்தப் பெண்ணின் காலுக்கு நேரே, போட்டுக்கொள்ள வாகாக வைத்தாள்.