ஆகஸ்டில் கெட்டி நண்டு

லோவெல்லுக்கு அந்தக் கோடை முழுக்க நண்டு வாய்க்கவே இல்லை. சார்ல்ஸ்டன் படகுத்துறையில் அவனுக்கு இடமும் வலமும் கூண்டு இறக்கியவர்களுக்கெல்லாம் ஒன்றிரண்டாவது தேறியது. அவன் கூண்டில் மட்டும் பெட்டை நண்டும், அளவுகோலுக்கு எட்டாத குஞ்சுமாகவே ஏறின. இரண்டையும் திரும்பத் தண்ணீரில் விட்டாக வேண்டும், அதுதான் சட்டம். வேறொரு வருஷமாக இருந்தால் போனால் போகிறதென்று ஒரு பீரைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த வருஷம் அப்படி இருக்க முடியவில்லை.

விவாகரத்து வாங்கிப் போன மனைவி கொரினுக்கு அரிசோனாவில் வேலை கிடைத்துவிட்டது. மகள் பிரென்னாவுக்குப் பதிமூன்று வயது. அம்மாவோடு போவதா, அப்பாவோடு இங்கேயே இருந்து படிப்பதா என்பதை அவளே சொல்லட்டும், நாம் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பெற்றவர்கள் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் செய்து முடிவைச் சொல்ல வேண்டும். லோவெல்லும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் ஒரு பெண்ணைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ள அவனுக்குத் தெரிந்த ஒரே வழி நண்டுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூண்டு நிறைந்து வந்துவிட்டால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்று அவன் உறுதியாக நம்பினான். மனிதன் முட்டாளாவதற்குப் பிள்ளைப் பாசத்தைவிடச் சுருக்கு வழி கிடையாது.

சனிக்கிழமை பக்கத்தில் கூண்டு போட்டிருந்தவள் வெர்லா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நாக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்னப்பா லோவெல், இன்னிக்கும் தண்ணியத்தான் தூக்குறியா?"

"மீன் தலை போட்டிருக்கேன்க்கா. ரெண்டு நாளா வெயில்ல வச்சு நல்லா ஊறினது."

"அதான் இங்க வரைக்கும் மூக்கப் பொளக்குதே. நாறினதப் போட்டா நண்டு வரும்னு எவன் சொன்னான் உனக்கு? அது உன்ன மாதிரி கிடைச்சதத் திங்காது, புதுசாப் பாத்துத்தான் வாய வைக்கும். அப்புறம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தூக்கித் தூக்கிப் பாக்குறியே, அடுப்புல வச்ச பாலா அது? ஏத்தமும் இல்லாம வத்தமும் இல்லாம தண்ணி நிக்கும் பாரு, அப்ப இறக்கு. இறக்கிட்டு, கைய மடியில வச்சிக்கிட்டு உக்காரு."

"கைய மடியில வச்சிக்கிட்டு உக்கார்றதா? அது எங்கப்பாவால முடியாது, ஆன்ட்டி" என்றாள் பிரென்னா.

அவள் சிரித்துப் பேசியது லோவெல்லுக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது. உடனே போய்ப் புதுக் கோழிக்கால் வாங்கி வந்தான். கடல்நாய் பிடுங்கிக்கொண்டு போகாதபடி கம்பி வைத்துக் கட்டினான். தண்ணீர் அசையாமல் நின்றபோது இறக்கிவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தான். தூக்கியபோது பெரிய ஆண் நண்டுகள் இரண்டு உள்ளே இருந்தன.

பிரென்னா ஒன்றைப் பின்பக்கமாகப் பிடித்து எடுத்து, அதன் காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். கால் உள்வாங்கியது.

"பஞ்சு" என்றாள்.

இன்னொன்றும் பஞ்சுதான். கோடை முடிகிற நேரத்தில் அந்த வளைகுடா நண்டெல்லாம் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓட்டோடு திரியும். பார்க்கத்தான் பெரிது, வேகவைத்தால் உள்ளே தண்ணீர்தான். சட்டத்துக்குப் பயந்து அல்ல, மனசாட்சிக்குப் பயந்து விட்டுவிட வேண்டிய நண்டு அது. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் லோவெல்தான். அவள் இரண்டையும் மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தாள். அவளுக்குச் சலித்துவிட்டது என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர் மீன்கடைக்கு வண்டியை விட்டான். வடக்கேயிருந்து லாரியில் வந்த நண்டுகள் கண்ணாடித் தொட்டியில் ஊர்ந்துகொண்டிருந்தன. இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து நான்கு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தான். துறைக்கு வந்ததும் கூண்டை இறக்கிவிட்டு, கடல்காற்று குளிர்கிறது, சூடாகச் சாக்லேட் வாங்கி வா என்று மகளைக் கடைப்பக்கம் அனுப்பினான். அவள் தலை மறைந்ததும் கூண்டைத் தூக்கி, நான்கையும் உள்ளே தள்ளி, கதவைக் கொக்கி மாட்டி மறுபடி இறக்கினான். நிமிர்ந்தால் வெர்லா பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கடைச் சரக்கா?"

"அக்கா, உங்களக் கும்பிடுறேன்."

"நான் எதையும் பாக்கலப்பா." அவள் தன் கயிற்றைச் சுற்றி முடித்தாள். "ஆனா அந்தப் புள்ளைக்குக் கண்ணு இருக்கு. அத மறந்துடாத."

அவள் என்ன சொல்கிறாள் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. பிரென்னா இரண்டு கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

குடித்து முடித்ததும் அவளையே தூக்கச் சொன்னான். கயிற்றை இழுக்க இழுக்க அவள் முகம் மாறியது. கூண்டைப் பலகையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அளந்தாள். எல்லாம் அளவைத் தாண்டியவை. முதல் நண்டின் காலை அமுக்கினாள், பிறகு இரண்டாவதை. மூன்றாவதை எடுத்து அதன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் துறையே அதிரும்படி குதித்தாள்.

"நாலுப்பா. நாலும் கெட்டி" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் தோளில் கோழிக்கால் நாற்றத்தோடு அவள் கை கிடந்தது. லோவெல் அழுதுவிடுவான் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் வேகவைத்து, வெண்ணெயை உருக்கி, இருவரும் நண்டை உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்கள். அவள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டாள், நிறையப் பேசினாள். அவள் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனதும் அவன் ஓடுகளை வாளியில் வாரிக்கொண்டு பின்பக்கக் குப்பைத்தொட்டிக்குப் போனான். அவள் அறை ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்க வேண்டுமென்று அவன் நிற்கவில்லை. ஆனால் குரல் கேட்டதும் நின்றுவிட்டான்.

"இல்லம்மா, அப்பா நண்டு பிடிக்கல. கடையில வாங்கி உள்ள போட்டிருக்காரு... எப்படித் தெரியுமா? ஆகஸ்டும்மா இது. நாலும் கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணு முதுகுல, படகுக்கு அடியில ஒட்டி வளருமே, அந்தக் கொட்டலசு வேற ஒட்டியிருக்கு. புது ஓட்டுல அது எங்கேர்ந்து வரும்?"

அந்தப் பக்கம் கொரின் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"சிரிக்காதம்மா. எனக்குச் சிரிப்பு வரல. அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் குதிச்சேன். வேற என்ன செய்றது? அதனால நான் வரலம்மா. எனக்கு உன்கூட இருக்கணும்தான். ரொம்ப ஆசையாத்தான் இருக்கு. ஆனா என்னைய நிறுத்தி வைக்கக் கடையில நண்டு வாங்குற மனுஷன எப்படித் தனியா விட்டுட்டு வர்றது?"

பிறகு அவள் அழுவது கேட்டது.

லோவெல் வாளியோடு அப்படியே நின்றான். அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவள் இருக்கப்போகிறாள். பதிமூன்று வயதுப் பெண் தன் ஆசையை மடித்து வைத்துவிட்டு, தகப்பனுக்குக் காவலிருக்கத் தீர்மானித்திருக்கிறாள். கடலில் அத்தனை நண்டு இருந்தும் கடைக்குப் போன தன் புத்தியை அவன் அங்கேயே நின்று சபித்தான். ஆகஸ்டில் கெட்டி நண்டு. ஊரில் எவனும் செய்யாத தப்பு.

அவன் உள்ளே வந்து கை கழுவிவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். அவளும் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன்ப்பா. நான் இங்கயே இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். காலையில் துறையில் குதித்தபோது சிரித்த அதே சிரிப்பு. இப்போது அது என்ன சிரிப்பென்று அவனுக்குத் தெரிந்தது.

"அடடா" என்றான் லோவெல். "நான் முன்னாடியே உன்கிட்டச் சொல்லியிருக்கணும். நான் வேலை பாக்குற மில்லுல என்னைய ராத்திரி ஷிப்டுக்குக் கேக்குறாங்க. நானும் சரின்னுட்டேன்."

"பரவால்லப்பா. நான் தனியா இருந்துப்பேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல."

"அது இல்லடா. இவ்வளவு நாளா ஒருத்தனா இருந்தே பழகிப்போச்சு எனக்கு. வாரக்கடைசின்னா சரி. வருஷம் முழுக்கன்னா... நீ அம்மாகூடப் போவேன்னு நினைச்சுத்தான் நான் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"நான் இருந்தா உங்களுக்கு இடைஞ்சலாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இருந்துவிடுவாள்.

"கொஞ்சம்" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவனும் அவளையே பார்த்தான். கடைசியில் அவள்தான் பார்வையை எடுத்தாள். நம்பிவிட்டாள்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அலமாரி மேலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அது அவள் உயரத்துக்கு எட்டாது. எடுத்துக் கொடுக்க எழுந்த லோவெல், கதவு வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.