பூவம்மா முதுகைக் காட்டி நிற்கிறார்

1

இது கதையாக இருந்திருக்கவே கூடாது. பாடமாக இருந்திருக்க வேண்டும். கணினிப் புத்தகங்கள் போடும் ராயபுரத்துப் பதிப்பாளர் ஒருவர், மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிச் சிப்பையும் கம்ப்யூட்டரையும் யூஎஸ்பி வழியாகப் பேசவைக்கும்போது வரும் கோளாறுகளைப் பற்றிப் பத்துப் பக்கம் கேட்டார். கோளாறுகளை வரிசையாக அடுக்கினால் எழுதுகிற எனக்கே கொட்டாவி வரும். உதாரணத்துக்கு ஓர் ஆளைப் பிடிக்கலாமே என்று, என்னிடம் படித்த புளியந்தோப்பு மாயாவிடம் பேச்சுக்கொடுத்தேன். 2005-இல் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பத்துப் பக்கம் போயே போச்சு. பதிப்பாளர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: ‘துறைமுகத்தில் கப்பல்கள் துயில்கொண்டிருந்த அந்த’

வேண்டாம். துறைமுகத்தில் எவன் தூங்கவிட்டான்?

இரண்டாம் தொடக்கம்: கிருஷ்ணப்பனுக்குக் குரல் போய்விட்டது.

இது போதும். கிருஷ்ணப்பன் மாயாவின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழேயிருந்து கைஜாடை காட்டும் வேலை. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வீட்டிலும் அதே கிரேன் ஜாடைதான். சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தட்டை எடு. உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினால் சோறு போதும், நிறுத்து. மனைவி பூவம்மா சீக்கிரமே பழகிக்கொண்டார்.

ஆனால் ஜாடை, பார்க்கிறவருக்குத்தான் பேச்சு. முதுகைக் காட்டி நிற்பவரை அதனால் கூப்பிட முடியாது. கீழே நின்றபடியே ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியைப் பார்த்து “யம்மே பூவு!” என்று கூவி, பிளாக்கையே எட்டிப்பார்க்கவைத்த மனுஷன், இப்போது டம்ளரைத் தரையில் தட்டினார். அந்தச் சத்தத்தைப் பூவம்மாவால் தாங்க முடியவில்லை. அடுப்பையே இடம் மாற்றி, வாசலைப் பார்த்தபடி சமைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பேரைக் கிருஷ்ணப்பன் மறுபடி கூப்பிட வேண்டும். இந்தக் கதைக்கு வேறு வேலை கிடையாது.

3

ஆபரேஷனுக்கு முன்பே மாயா அப்பாவின் குரலைக் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்திருந்தாள். “டீ போடு”, “கரண்ட் போச்சா?”, “யம்மே பூவு!” இப்படிக் கொஞ்சம். அப்போது அவளுக்குப் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். போனில் இருப்பதுபோல் பட்டன்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடக்கினாள். பட்டனை அழுத்தினால் டப்பா ஓர் எழுத்தை அனுப்பும். அந்த எழுத்துக்குரிய குரலைக் கம்ப்யூட்டர் ஒலிக்கும். டப்பாவின் வயருக்கும் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி ஓட்டைக்கும் நடுவே ஒரு கன்வெர்ட்டர்.

(நேராகக் கம்ப்யூட்டர் கீபோர்டையே தட்டலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். “எங்கப்பா வாசப்படிய வுட்டு நகருவாரா சார்? கம்ப்யூட்டர் முன்னாடி குந்தினா பேங்க்ல லோன் கேக்க வந்தா மாறி கீதுன்னு ஜாடை காட்டுவாரு” என்றாள். கிரேன் ஜாடையில் இதை எப்படிக் காட்டினார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.)

4

பட்டனை அழுத்தினாள். குரல் வரவில்லை. திரையில் கட்டங்கள், கேள்விக்குறிகள், பேர் தெரியாத பூச்சிகள்.

மாயா டப்பாவைக் கழற்றி வைத்தாள். கன்வெர்ட்டரின் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் அம்மாவின் ஹேர்பின்னால் இணைத்தாள்.* கீபோர்டில் ‘அப்பா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். அதே எழுத்துகள் திரையில் திரும்பி வந்தன. அப்படியானால் கன்வெர்ட்டர் சரி, கோளாறு டப்பாவில்.

* நாம் அனுப்பியது நமக்கே திரும்பும் சோதனை. நம் பக்கம் பழுதில்லை என்பதை மட்டும் சொல்லும். எதிர்ப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லாது. நானே எழுதி, நானே வாசித்து, நானே “பிரமாதம்யா” என்று சொல்லிக்கொள்வதும் இதே சோதனைதான்.

[அடித்தது: அப்போது கிருஷ்ணப்பன் உள்ளங்கையை அசைத்து ‘மெதுவா இறக்கு’ என்று ஜாடை காட்ட, மாயாவின் மனதில் பளிச்சென்று]

அப்படி நடக்கவில்லை. அவர் அப்போது கீழே கேரம் போர்டு ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாயா தானே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். டப்பாவுக்குள் தாளம் போடுகிற கிரிஸ்டல், கடையில் “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்று மாற்றிக் கொடுத்தது. ஒன்றே அல்ல. அதை வைத்துக்கொண்டு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பினால் எழுத்து சிதறும், 2400-இல் சிதறாது. இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைத்துவிட்டு அழுத்தினாள்.

“டீ போடு!” என்றது ஸ்பீக்கர். அப்பாவின் குரல். வீட்டில் வேறு யாரும் இல்லை. மாயா அழுதுவிட்டாளாம். “கொஞ்சூண்டுதான் சார், எழுதிடாதீங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

5

சாயங்காலம் அப்பாவை வாசற்படியில் உட்காரவைத்து டப்பாவைக் கையில் கொடுத்தாள். அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினார். ம்ஹூம். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினார்: நிறுத்து. டப்பாவைப் படியில் வைத்துவிட்டு எழுந்துபோய் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.



“காலைல பேசிச்சும்மா! சத்தியமா பேசிச்சு!” என்றாள் மாயா.

“அதுக்கு ஏண்டி கத்துற? இன்னா ஆச்சுன்னு பாரு” என்றார் பூவம்மா.

“நீ கம்ப்யூட்டர்ல கைய வெச்சியா?”

“கொடுங்கையூர் குப்ப எரியிற பொகை கரிகரியா படிஞ்சிகினு கீது. தொடைக்காம வுட சொல்றியா? ஒவ்வொரு ஒயரா புடுங்கி, தொடைச்சி, திரும்ப சொருகிட்டேன்.”

“எந்த ஓட்டையில சொருகின?”

“ஓட்டைல இன்னாடி கீது? எல்லாம் ஒரே மாறிதான கீது!”

பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஆனால் ஓட்டை மாறியதும் கம்ப்யூட்டர் அந்தக் கன்வெர்ட்டருக்கு வேறு போர்ட் எண் கொடுத்துவிட்டது. மாயாவின் புரோகிராமோ பழைய எண்ணிலேயே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தது. [பாடத்துக்கு இந்த ஒரு பத்தியாவது தேறும்.] மாயா வயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையில் சொருகினாள்.

பூவம்மாவின் முகம் விழுந்துவிட்டது. “நான்தான் கெடுத்துட்டனா?” என்றார்.

கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்த கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார். படியிலிருந்த டப்பாவைக் காட்டி, சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினார்: தூக்கு. பூவம்மா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்புறம் அடுப்பண்டை போய், கரண்டியும் கையுமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் இப்டியே நிக்கிறேன்யா. கூப்டு.”

6

முடிவு ஒன்று: குரல் வருகிறது. பூவம்மா திரும்புகிறார். கண்ணீர். முற்றும். பதிப்பாளருக்கு இது பிடிக்கும்.

முடிவு இரண்டு: குரல் வரவில்லை. மாயா அடுத்த கோளாறைத் தேடி

மன்னியுங்கள், இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

முடிவு மூன்று, மாயா சொன்னது: “யம்மே பூவு!” வீடு அதிர்ந்தது. எதிர் பிளாக்கிலிருந்து யாரோ “இன்னா கிருஷ்ணப்பண்ணே!” என்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்கள். பூவம்மா திரும்பவில்லை.

“எம்மா, கேக்கல?”

“கேக்கலடி” என்றார் பூவம்மா, சுவரைப் பார்த்தபடியே. “இன்னொரு தபா கூப்ட சொல்லு.”

கூப்பிட்டார்.

“இப்பவும் கேக்கல.”

எத்தனை தடவை கூப்பிட்டார் என்று மாயாவிடம் கேட்டேன். சிரித்தாள். நானும் பூவம்மாவை எழுத்தில் திருப்பிவிடப் பார்த்தேன், இரண்டு வாக்கியம் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் திரும்பிவிட்டால் கூப்பிடுவதும் நின்றுபோகும்.

அதனால் டப்பாவை உங்கள் கையில் தருகிறேன். முதல் வரிசையில் முதல் பட்டன்தான் “யம்மே பூவு!” வயர் சரியான ஓட்டையில்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். பூவம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அழுத்துங்கள்.