ஏரோப்ளேனுக்கு எலுமிச்சம்பழம்

அடிக்கிறவன் அடித்துவிட்டுப் பார்சல் அனுப்புகிற காலம் இது. முன்னெல்லாம் பெண்டாட்டியை அடித்தவன் மாமனார் தெருவில் தலைகாட்டப் பயப்படுவான். இப்போது கைகூப்புகிற பொம்மைப் படத்தைச் செல்லில் அனுப்புகிறான், கூரியரில் அட்டைப்பெட்டி அனுப்புகிறான். அதைப் பார்த்து நாலு பேர் “பாவம், திருந்திட்டான்” என்கிறார்கள். கேட்டாலே கந்தனுக்குக் காறித் துப்பத் தோன்றும்.

மருமகன் பேத்திக்கு அனுப்பிய பெட்டியில் வந்தது பிளாஸ்டிக் சண்டை விமானம். துண்டு துண்டாக இருந்தது. ஒட்டித்தான் முழுசாக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் கந்தனின் மகள் சுகன்யா, இடது காதில் ரத்தம் வடிய, ஏழு வயது யாழினியை இழுத்துக்கொண்டு சங்ககிரிக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் காது இன்னும் கேட்கவில்லை. அடித்தவன் அவள் புருசன் ஜெயபிரகாஷ், போர்வெல் ரிக் வண்டியில் வேலை. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடி, எல்லாம் குடி செய்கிற வேலை, ஒரு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வந்து கூட்டிப் போகட்டும் என்று முடிவு சொன்னார்கள். கந்தனை யாரும் கேட்கவில்லை. சுகன்யா தலையாட்டிவிட்டாள். இன்றைக்கு வருகிறான். இந்த முறை போனால் மகள் பிணமாகத்தான் திரும்புவாள் என்று கந்தனுக்குத் தெரியும்.

“அப்புச்சி, பதினாலாம் நம்பரை வெட்டுங்க.”

கந்தனுக்குப் படிப்பு ஏறவில்லை. முப்பது வருசம் லாரிக்குப் பாடி கட்டியவர். பேத்தி தாளைப் பார்த்து எண் சொன்னாள். அவர் நகவெட்டியால் துண்டை நறுக்கிக் கொடுத்தார். பசை பஞ்சர் சொல்யூஷன் மாதிரி நாறியது.

“ரெண்டு ஆணி அடிச்சா ஆயுசுக்கும் அசையாது சாமி.”

“ஆணி அடிச்சா பறக்காதுங்க.”

“அடிக்காட்டி மட்டும் பறந்து கிழிக்குமா?”

விமானத்தை ஓட்ட விரல்நுனி அளவுக்கு ஓர் ஆள் இருந்தான். யாழினி அவனைக் கழுத்தைப் பிடித்துத் திருகி இருக்கையில் அமுக்கினாள்.

“இவன் குண்டு போடுவானா அப்புச்சி?”

“போடுவான்.”

“ஊட்டுக்குள்ளயும் போடுவானா?”

கந்தன் விமானத்தின் வாலை எடுத்துப் பசை காய ஊதினார்.

“அப்பா வரக்குள்ள முடிச்சிரோணும்” என்றாள் அவள். “இதை ஒழுங்காச் செஞ்சு வெச்சா யாரையும் அடிக்க மாட்டேன்னு போன்ல சொல்லிப்போட்டாரு.”

குழந்தை தலையில் எதைக் கட்டிவிட்டிருக்கிறான் பார்!

பதினொரு மணிக்கு விமானம் தயார். மூன்று சக்கரத்தில் நின்றது. கந்தன் பார்த்தார். அவர் பட்டறையிலிருந்து எந்தப் புது வண்டியும் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் வெளியே போனதில்லை. கருமத்தை, செய்ததுதான் செய்தோம், முறைப்படி செய்வோம் என்று மூன்று பழம் எடுத்துவந்தார். யாழினி கைதட்டிக் குங்குமம் வைத்தாள். பழத்தின் மேல் விமானம் ஏறி உட்கார்ந்தது, நசுங்கவில்லை. இதற்கு லாரியின் பாரம் ஏது? கந்தன் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

பழம் அப்படியே இருந்தது. சக்கரம் மாட்டிய மூன்று காலும் ஒடிந்தன. ஓர் இறக்கை பிய்ந்து எகிறியது.

யாழினி வீறிட்டாள். “அடிப்பாருங்க அப்புச்சி! அம்மாவை அடிப்பாருங்க!”

வாசலில் பைக் நின்ற சத்தம். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக ஜெயபிரகாஷ் உள்ளே வந்தான். கந்தன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சாராய வாடை துளியும் இல்லை.

“யாரு ஒடச்சது?”

“நாந்தான். பழம் நசுக்கினேன்” என்றார் கந்தன்.

“ஏரோப்ளேனுக்குப் பழமா?” அவன் சிரித்தான். அப்புறம் முகம் மாறியது. “புள்ளைகிட்ட என்னைக் கெட்டவனாக் காட்டோணும்னு வேணும்னே ஒடச்சிருக்கே, கெழவா.”

நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கந்தன் மல்லாக்க விழுந்தார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த சுகன்யா, “ஏனுங்க, பெரியவருங்க” என்று குறுக்கே விழுந்தாள். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் இடித்தான். ஒரு தடவை. இரண்டு தடவை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. யாழினி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவளை உதறினான், சுவரில் மோதிச் சுருண்டாள்.

கதவுக்குப் பின்னால் ஜாக்கிக் கம்பி இருந்தது. கந்தன் எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. முதல் அடி முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது முழங்காலில். ஜெயபிரகாஷ் தரையில் விழுந்து அலறினான். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினார்.

சுகன்யா கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

“உடு! இன்னைக்கே முடிச்சுப்போடறேன்.”

“நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நாங்க எங்கப்பா போவோம்?”

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சௌந்திரம் வந்து நின்றாள். அன்றைக்கு முடிவு சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

“வா, மோந்து பாரு” என்றார் கந்தன். “குடிதான் அடிக்குதுன்னீங்களே? ஒரு சொட்டு இருக்குதா பாரு!”

சௌந்திரம் வெளியே போய் ஆட்டோவுக்குக் கைகாட்டினாள்.

ஜெயபிரகாஷ் மூக்கு ஒழுக அழுதான். “தெரியாமப் பண்ணிட்டேன் சுகன்யா. நீ இல்லாம செத்துருவேன்.”

“எந்திரிச்சுப் போங்க. இனி இந்த வாசல்ல கால் வெக்காதீங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டு, தன் புருவத்து ரத்தத்தைத் துடைக்காமல், துண்டை நனைத்துவந்து அவனுடைய ஒடிந்த கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளியாகக் கட்டிவிட்டாள். முடிச்சு அழுத்துகிறதா என்று வேறு கேட்டாள். கந்தன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆட்டோ போயிற்று. சுகன்யா குழந்தையைத் தூக்கி, அதன் தலையில் கைவைத்தாள்.

“இந்தப் புள்ள மேல சத்தியமா இனிப் போவமாட்டேன்ப்பா.”

கந்தன் குழந்தையைப் பார்த்தார். நெற்றி ஓரம் புடைத்திருந்தது. இதே தலையில் இதே கை ஏற்கெனவே இரண்டு முறை இதே சத்தியத்தைச் செய்திருக்கிறது.

“நம்புங்கப்பா.”

“புள்ளைக்கு ஐஸ் வெய்யி. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு, நான் போய் வண்டி பாக்கறேன்” என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் இன்னொரு தரம் “சத்தியமாப்பா” என்று கேட்டது. அவர் திரும்பவில்லை.