இடது கை உயர்த்திய வகுப்பு

ஒருவர் எழுதியதைக் கடல் கடந்து வாழும் இன்னொருவர் வாசித்துப் புரிந்துகொள்வதைவிட உயர்ந்த செயல் மனிதகுலத்துக்கு வாய்த்ததில்லை. இரண்டு உள்ளங்களுக்கு நடுவே அதுதான் பாலம். நாகரிகங்கள் அந்தப் பாலத்தின் மேல் நடந்து வந்துதான் ஒன்றோடொன்று கைகுலுக்குகின்றன. எங்கள் பள்ளியின் துணை முதல்வர் ஷென், திங்கட்கிழமைக் கொடியேற்றம் முடிந்ததும் இதை ஒலிபெருக்கியில் சொல்வார். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பாலம் கேள்விக்கு இரண்டரை மதிப்பெண்.

பாலத்தைக் கடக்கக் கற்றுத்தந்தவர் லுவோ சார். கடைசி வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுப்பவர். என் மேசையில் புத்தகங்கள் மதில்போல் அடுக்கியிருக்கும். அதற்கு மேலே அவருடைய தலைமுடியின் வகிடு மட்டும் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அந்த வகிட்டிடம்தான் நான் ஆங்கிலம் கற்றேன்.

"பத்தியப் படிக்காதீங்க. அது எங்கயும் ஓடிடாது. முதல்ல கேள்வியப் பாருங்க, அப்புறம் விடைங்களப் பாருங்க. 'எல்லாரும்', 'ஒருபோதும்', 'கண்டிப்பா'ன்னு அடிச்சுப் பேசுற விடை பொய் சொல்லுது. 'ஒருவேளை', 'சில சமயம்'னு இழுக்குது பாரு, அதுதான் சரி. ஆங்கிலத்துல உண்மையெல்லாம் தயங்கித்தான் பேசும்."

என் மேசைத் தோழி நியே ஜியாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ பத்திய எதுக்கு சார் அச்சடிக்கிறாங்க?"

"தாள் வெறுமையா இருந்தா நல்லாவா இருக்கும்? சரி, எழுத்தாளரோட மனநிலை என்னன்னு கேட்டா?"

"நம்பிக்கை!" என்று வகுப்பே கத்தும்.

"கப்பல் மூழ்கிட்டா?"

"அப்பவும் நம்பிக்கை!"

நானும் கத்துவேன். அந்த வருடம் நான் எதையும் தனியாகச் செய்ததாக நினைவில்லை. மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் சாப்பிட்டேன். உணவகத்து நூடுல்ஸில் காரம் கூடிவிட்டதாக மற்றவர்கள் சொன்னால், கூடியிருக்கிறது போலும் என்று தண்ணீர் குடித்தேன்.

லுவோ சாருக்கு நம்பிக்கை தேவைப்பட்டது. அவர் 'மூத்த ஆசிரியர்' பட்டத்துக்கு விண்ணப்பிப்பதும், அது வேறு யாருக்காவது போவதும் பள்ளியில் பருவமழை மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் கூட்டங்களில் மூத்தவர்களுக்கு முன் வரிசை. மெத்தை வைத்த நாற்காலி, மூடி போட்ட தேநீர்க் கோப்பை. மற்றவர்கள் பின்னால், தூணுக்குப் பக்கத்தில். இதில் கொடுமை என்னவென்றால் அவருடைய மனைவி மெங் டீச்சர், வேதியியல் எடுப்பவர், எப்போதோ மூத்தவராகி முன் வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்துக் கணவருக்கு இடம் பிடித்திருந்தார். வருடக்கணக்காக அந்தப் பைதான் அங்கே உட்கார்ந்திருந்தது.

இந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். படிக்கட்டில் மெங் டீச்சர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா அந்தப் பைக்கே பட்டத்தக் குடுக்கச் சொல்லிடுறேன். உங்களவிட ஒழுங்கா கூட்டத்துக்கு வருது."

பட்டம் கிடைக்க ஒரு 'திறந்த வகுப்பு' நடத்திக் காட்ட வேண்டும். நகரத்திலிருந்து நிபுணர் வருவார், சுற்று வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். மாணவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியை அவர்கள் கண் முன்னால் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக நாங்கள் இலையுதிர் காலம் முழுக்க ஒத்திகை பார்த்தோம்.

முதல் கேள்விக்கு வகுப்புத் தலைவன் எழுவான். கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்து, டி என்பான். இரண்டாவதற்கு நியே ஜியா தவறாகச் சொல்ல வேண்டும். சார் புன்னகையோடு அவளை பி-க்கு அழைத்துப் போவார். அதற்கப்புறம் ஏ, கடைசியில் சி.

"நான் ஏன் சார் தப்பு சொல்லணும்? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள் ஜியா.

"பைத்தியம், சரியா சொல்றது யாரு வேணா செய்வாங்க. தப்பா சொல்லித் திருந்துறதுதான் பெரிய வேஷம். உன்ன விட்டா யாரு இருக்கா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதன்பின் விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று தவறு செய்து பழகினாள்.

கை உயர்த்துவதற்கும் விதி உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். கேள்வி கேட்டதும் ஒருவர் விடாமல் கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் வகுப்பு உயிரோடிருப்பதுபோல் தோன்றும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் கூப்பிடுவார். எனக்கு இடது கை என்று ஒதுக்கியிருந்தார்கள். கடைசி வரிசை ஹௌவுக்கும் அவனுடைய மூன்று கூட்டாளிகளுக்கும் எந்தக் கையும் ஒதுக்கவில்லை. ஒத்திகை நாட்களிலும் திறந்த வகுப்பு நாளிலும் அவர்கள் விளையாட்டு அறையில் பாய்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள்.

இடது கை தூக்குவதைத் தவிர வேறு வேலை இல்லாததால் நான் பத்தியை வாசித்துவிட்டேன். ஆர்வமெல்லாம் இல்லை. கண் எங்காவது இருக்க வேண்டுமே.

எங்கோ வடக்கே ஒரு தீவு. ஒரு கிழவர் அங்கே ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகு ஓட்டுகிறார். தீவின் சனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, தபால் நிலையமும் மூடியாகிவிட்டது. கிழவர் மட்டும் தினமும் அதே நேரத்துக்குக் கயிற்றை அவிழ்த்து, வெறும் படகை அக்கரைக்கு ஓட்டிப்போய், அங்கே இறங்காமலே திருப்பிக்கொண்டு வருகிறார். ஏன் என்று கேட்ட பத்திரிகைக்காரனிடம், "நேர அட்டவணை இன்னும் சுவரில் இருக்கிறதே" என்கிறார். முதல் கேள்வி, அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது. டி: தன் கடமைமேல் கொண்ட பற்றினால்.

எனக்கு அவர் செய்தது விசித்திரமாகவே படவில்லை. மணி அடித்தது. சாப்பிடப் போனேன்.

திறந்த வகுப்பு நாளில் எங்களுக்குப் புதுச் சீருடை மேலங்கி தந்தார்கள். முதல்வர் அறைப் பூந்தொட்டிகள் பெரிய கூடத்துக்கு வந்தன. ஓயாங் நிபுணர் ஒரு வெந்நீர்க் குடுவையோடு வந்து நடுநாயகமாக உட்கார்ந்தார். நகரத்து ஆங்கிலப் பாடத்துக்கெல்லாம் அவர் சொல்வதுதான் சட்டம்.

எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. வகுப்புத் தலைவன் கூரையைப் பார்த்தான். ஜியா அத்தனை அழகாகத் தவறு செய்தாள். பின் வரிசையில் ஓர் ஆசிரியை 'ஐயோ பாவம்' என்றே சொல்லிவிட்டார். சி சொல்லி முடித்ததும் லுவோ சார் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டார். மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அங்கேதான் வினை.

ஓயாங் நிபுணர் எழுந்தார்.

"நல்ல வகுப்பு. நானும் பிள்ளைங்கள ஒண்ணு கேக்கலாமா? கேள்வித்தாள்ல இல்லாத கேள்வி. உள்ளத்துக்கு உள்ள போற கேள்வி." குடுவையை மூடினார். "வெறும் படகோட்டிட்டுப் போறாரே அந்தக் கிழவர், அக்கரையில போய் என்ன செய்றார்?"

வகுப்பு தன் கடமையைச் செய்தது. ஒருவர் விடாமல் கையை உயர்த்தினோம். ஒருவர் விடாமல் இடது கை.

லுவோ சாரின் வகிடு வியர்ப்பதை அன்றுதான் பார்த்தேன். பின்னால் இருந்த ஆசிரியர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்கள் வகுப்புகளுக்கும் இரண்டு கைகள் உண்டு. துணை முதல்வர் ஷென் பூந்தொட்டியைப் பார்த்தார். ஓயாங் நிபுணரும் நிபுணராவதற்கு முன் பள்ளியில் பாடம் எடுத்தவர்தான். அந்த இடது கைக் காட்டை அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"கவனிச்சீங்களா, தோழர்களே? எல்லாரும் இடது கை! இடது கையத் தூக்கினா மூளையோட வலது பாதி வேலை செய்யுது. மொழி உணர்வு அங்கதானே இருக்கு? லுவோ சார் இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல பாருங்க. என்ன அடக்கம்!"

பின் வரிசையில் எல்லாப் பேனாக்களும் ஓடின. லுவோ சார் அடக்கமாகத் தலை குனிந்தார்.

"நீ சொல்லும்மா." நிபுணரின் விரல் என் பக்கம் நீண்டிருந்தது.

எழுந்தேன். எனக்கு விடை தெரியும். அக்கரையில் அவர் எதுவும் செய்வதில்லை, படகைத் திருப்புகிறார். அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். வாயைத் திறந்தேன்.

"டி" என்றேன்.

"டி?"

"டி, சார்."

ஓயாங் நிபுணர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "டின்னா... கடமை மேல பற்று. ஆமா! அக்கரையில அவர் செய்றது வேறென்ன? அதத்தானே! பாருங்க, கேள்வி தாண்டிப் போயும் பிள்ள விடைய விடல. இதுதான் ஆழ்ந்த வாசிப்பு."

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. உட்கார்ந்ததும் ஜியா என் முழங்கையில் கிள்ளினாள்.

"அடிப்பாவி, என் வேஷத்தையே மறக்கடிச்சிட்டியே. எப்படிடி தெரிஞ்சுது?"

"தெரியல" என்றேன். வலித்ததா என்றுகூட நினைவில்லை.

புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். லுவோ சார் மூத்த ஆசிரியர் ஆகிவிட்டார். வகுப்புக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொண்டுவந்து தந்தார். துணை முதல்வர் ஷென் நடைபாதையில் அவர் தோளைத் தட்டி, "என்னய்யா லுவோ, இடது கை வித்தைய எங்ககிட்டயே மறைச்சிட்டியே!" என்றார். அடுத்த வாரமே வேறு மூன்று வகுப்புகளில் எல்லோரும் இடது கையை உயர்த்த ஆரம்பித்தார்கள். தெரிந்தவனும் தெரியாதவனும் அதே கை என்பதால் அந்த ஆசிரியர்கள் யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் விழித்ததாகச் சொன்னார்கள்.

ஓயாங் நிபுணருக்கு அந்தப் பத்தி மிகவும் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்ததென்றால், நகரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து எழுதும் மாதிரித் தேர்வில் அதையே வைத்துவிட்டார். எங்கள் வகுப்பு ஏற்கெனவே பார்த்த பத்தி என்பதால் நியாயத்துக்காக ஒரு சிறு மாற்றம் செய்திருந்தார். கேள்விகள் அதேதான். விடைகளின் வரிசையைக் கலைத்திருந்தார்.

தேர்வு அறையில் தாளைப் புரட்டியதும் எங்கள் வகுப்புப் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. நம்ம கிழவர். நம்ம படகு. பென்சில்கள் வட்டங்களைக் கறுப்பாக்கின. டி, பி, ஏ, சி.

நானும் கறுப்பாக்கினேன். முடித்த பிறகு, கண் எங்காவது இருக்க வேண்டும் என்பதால், விடைகளை வாசித்தேன். கடமை மேல் பற்று இப்போது ஏ-யில் இருந்தது. டி-யில் 'அக்கரையில் அவருக்கு உறவினர்கள் இருந்ததால்' என்று இருந்தது. அழிப்பான் மேசை ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மதிப்பெண் வருவதற்கு முன்பே, மறுநாள் காலையில், லுவோ சார் கேள்வித்தாளை வகுப்பில் விளக்கினார். மூடி போட்ட புதுக் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"இது நம்ம பத்தி. இதுக்கு நேரத்த வீணாக்க வேணாம்" என்று தாளைத் திருப்பாமலே கரும்பலகையில் எழுதினார்: டி, பி, ஏ, சி.

எல்லோரும் கேள்வித்தாளில் குறித்து வைத்திருந்த விடைகளுக்குச் சிவப்புப் பேனாவால் சரி போட்டுக்கொண்டார்கள். திருத்துவதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. பின்னாலிருந்து ஹௌவின் குரல் மட்டும் வந்தது.

"சார், எனக்கு மொதலாவது ஏ வருது சார். கடமன்னு போட்டிருக்கே."

"ஏன்டா, திறந்த வகுப்பு அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"பாய் தூக்கிட்டிருந்தேன் சார்."

"அதான்."

வகுப்பு சிரித்தது. ஹௌவும் சிரித்துக்கொண்டே ஏ-யை அடித்துவிட்டு டி என்று எழுதினான்.

திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் மேடைக்கு முன்னால் ஆசிரியர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மெங் டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லுவோ சார் அங்கே உட்கார்ந்து, மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். துணை முதல்வர் ஷென் இரண்டு உள்ளங்களுக்கு நடுவே உள்ள பாலத்தைப் பற்றிச் சொல்லி முடித்தார். அதன் பிறகு, நம் பள்ளி மண்ணில் பிறந்து நகரமே எழுதிய அந்தப் பத்தியின் முடிவுகளை வகுப்புவாரியாக வாசிக்கிறேன் என்று பெருமையோடு ஒரு தாளைப் பிரித்தார். எங்கள் வகுப்பு வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, ஒலிபெருக்கியிலிருந்து முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டார். பிறகு வாசித்தார்.

அந்தப் பத்தியில் எங்கள் வகுப்பில் மதிப்பெண் வாங்கியவர்கள், பாய் தூக்கிய நான்கு பேர் மட்டும்.